எழுத்துகளைக் கலைக்கும் முன்

தாளில் ஏழு ஆங்கில எழுத்துகள் வரிசை மாறிக் கிடந்தன: ஆர், இ, எச், டி, சி, ஏ, இ. அவற்றை ஒழுங்குபடுத்தி ஒரு சொல்லாக எழுத வேண்டும். முதலாம் படிவ மாணவன் ஒருவன் அந்தத் தாளைப் பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் இருந்த மாணவி எல்லாச் சொற்களையும் முடித்துவிட்டுப் பேனாவை மேசைமேல் உருட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பைப் பார்வையிட வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்த நான், மெல்ல அவனருகில் சென்றேன்.

"என்ன தம்பி, ஏதாவது கிடைத்ததா?"

"எனக்கு இங்கிலீஷ் வராது டீச்சர்."

அந்தப் புதிரின் விடை 'டீச்சர்' என்பதே.

ஒரு நாளில் பல முறை அவன் சொல்லும் சொல் அது. அதன் பொருள் அவனுக்குத் தெரியும். சரியாக உச்சரிக்கவும் தெரியும். கரும்பலகையில் எழுதியிருந்தால் படித்தும் இருப்பான். ஆனால், எழுத்துகள் கலைந்து கிடந்த அந்தத் தாள், தனக்கு ஆங்கிலமே வராது என்று அவனை நம்ப வைத்துவிட்டது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் உருவாகும் அப்படியொரு நம்பிக்கை எளிதில் கலைவதில்லை.

எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சி ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்களில் ஏராளமாக உண்டு. தொடக்கநிலை மாணவர்களுக்கான புத்தகங்களில்தான் அது மிகுதி. அது எளிது, வேடிக்கையானது, எழுத்துக்கூட்டலைக் கற்றுத் தரும் என்பது பொதுவான எண்ணம். இந்த எண்ணத்தை நான் ஏற்கவில்லை. ஒரு சொல் எப்படி உருவாகிறது என்று தெரிந்த பிறகே அதைக் கலைத்து விளையாட வேண்டும். நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

குறை சொல்லும் உரிமை எனக்கு முழுமையாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பயிற்சி நூல்களைத் தயாரிக்கும் குழுக்களில் நானும் இருந்திருக்கிறேன். பக்கத்தின் கீழே நான்கு அங்குலம் காலியாக இருக்கும். அச்சுக்குக் கொடுக்க இரண்டு நாளே இருக்கும். அப்போது யாராவது ஒருவர், "பாடத்தில் உள்ள பத்துச் சொற்களைக் கலைத்துப் போட்டுவிடலாமே!" என்பார். பத்து நிமிடத்தில் பக்கம் நிரம்பிவிடும். தயாரிப்பவருக்குப் பத்து நிமிடம் பிடித்த வேலை, பின்வரிசையில் இருக்கும் ஒரு மாணவனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நாங்கள் கணக்குப் பார்த்ததில்லை.

அந்தக் கணக்கை இப்போது பார்ப்போம். கணிதப் பாடத்தில் நீங்கள் படிக்கும் கணக்குதான். ஏழு எழுத்துகளும் வெவ்வேறாக இருந்தால் அவற்றை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். 'டீச்சர்' என்ற சொல்லில் 'இ' இரண்டு முறை வருவதால் அந்த எண்ணிக்கை பாதியாகிறது. 2,520 வரிசைகள்! இவற்றுள் எது சரி என்று ஒரு மாணவன் தேட வேண்டும். எழுத்துகளை வெறும் எழுத்துகளாகப் பார்ப்பவனுக்கு முன்னால் இருப்பது இந்தப் பெருங்குவியல்தான்.

பக்கத்தில் இருந்த மாணவி 2,520 வரிசைகளையும் எழுதிப் பார்த்தாளா? இல்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அவளைக் கேட்டேன். "கடைசியில் 'இ ஆர்' வரும் டீச்சர். சிங்கர், டிரைவர், பெயின்டர் எல்லாவற்றிலும் அப்படித்தானே வருது" என்றாள். அவள் சொன்னது இலக்கணம். ஒரு வினைச்சொல்லின் பின்னே 'இ ஆர்' சேர்ந்தால் அந்த வினையைச் செய்பவரைக் குறிக்கும் பெயர் கிடைக்கிறது. அந்த இரண்டு எழுத்துகளை எடுத்துக் கடைசியில் வைத்துவிட்டால் மிஞ்சுவது ஐந்து எழுத்துகள். ஐந்து எழுத்துகளை 120 விதமாகத்தான் வரிசைப்படுத்த முடியும்.

இன்னும் ஒரு படி போகலாம். ஆங்கிலத்தில் சில எழுத்துகள் கூட்டாளிகள். 'சி'யும் 'எச்'சும் சேர்ந்து 'ச்' என்ற ஒரே ஒலியைத் தருகின்றன. 'இ'யும் 'ஏ'யும் சேர்ந்து பல சொற்களில் 'ஈ' என்று நீண்டு ஒலிக்கின்றன. இந்தக் கூட்டாளிகளைப் பிரிக்காமல் வைத்தால், நம் கையில் இருப்பவை மூன்றே துண்டுகள்: 'டி', 'இஏ', 'சிஎச்'. மூன்று துண்டுகளை ஆறு விதமாகத்தான் அடுக்க முடியும். 2,520 எங்கே, 6 எங்கே! அந்த ஆறில் இரண்டு நல்ல ஆங்கிலச் சொற்கள். ஒன்று 'டீச்', கற்பி என்று பொருள். மற்றொன்று 'சீட்', ஏமாற்று என்று பொருள். இரண்டின் பின்னும் 'இ ஆர்' ஒட்டும். ஆகவே 'டீச்சர்' என்ற சொல்லின் அதே ஏழு எழுத்துகளில் 'சீட்டர்' என்ற சொல்லும் ஒளிந்திருக்கிறது. ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலம் செய்த குறும்பு அது.

ஆக, புதிரைச் சுலபமாக விடுவிப்பவர்கள் எழுத்துகளைத் தேடுவதில்லை, துண்டுகளைத் தேடுகிறார்கள். துண்டுகளை அறியாதவனிடம் புதிரைக் கொடுத்தால் அவன் கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. தெரிந்தவனுக்குத் தெரியும் என்பதும் தெரியாதவனுக்குத் தெரியாது என்பதும் மட்டும் அம்பலமாகின்றன.

எதைத் தேடுகிறோம் என்று அறியாதபோது கலைந்த எழுத்துகள் எப்பேர்ப்பட்டவரையும் ஏமாற்றிவிடும் என்பதற்கு அறிவியல் வரலாற்றில் ஒரு சுவையான சான்று உண்டு. 1610ஆம் ஆண்டில் கலிலியோ தம் தொலைநோக்கியால் சனிக்கோளைப் பார்த்தார். அதன் இரு பக்கமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தது. செய்தியை உடனே வெளியிட விரும்பாத அவர், மூன்றாகத் தெரியும் மிக உயர்ந்த கோளைக் கண்டேன் என்று பொருள்படும் இலத்தீன் வாக்கியத்தின் 37 எழுத்துகளையும் கலைத்துப் போட்டு அனுப்பினார். அதை விடுவிக்க முயன்றவர் கெப்ளர். கோள்களின் இயக்க விதிகளைக் கண்டறிந்த மாமேதை அவர். எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கி, செவ்வாய்க் கோளுக்கு இரண்டு துணைக்கோள்கள் இருப்பதாகக் கலிலியோ சொல்கிறார் என்று முடிவுசெய்தார். விடை முற்றிலும் தவறு. (செவ்வாய்க்கு உண்மையிலேயே இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்பது 1877இல்தான் தெரியவந்தது. கெப்ளரின் அதிர்ஷ்டத்தை என்னவென்பது!) கெப்ளரே தடுமாறிய வேலையை முதலாம் படிவத்துக் குழந்தையிடம் துப்பு எதுவும் கொடுக்காமல் ஒப்படைக்கிறோம்.

எழுத்து விளையாட்டுகளில் புகழ்பெற்ற 'ஸ்கிராபிள்' விளையாட்டை உருவாக்கியவருக்கும் இந்த உண்மை தெரிந்திருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து அந்த விளையாட்டை வடிவமைத்தார். மொத்தம் 100 கட்டைகள். அவற்றில் 'இ' என்னும் எழுத்து 12 கட்டைகளில் உள்ளது. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'எஸ்' எழுத்துக்கோ 4 கட்டைகள்தாம். ஏனெனில், பெரும்பாலான பெயர்ச்சொற்களின் பின்னே ஓர் 'எஸ்' போட்டால் பன்மையாகிவிடும். கட்டைகளை அள்ளிக் கொடுத்தால் விளையாட்டு மிக எளிதாகிவிடும். சொல்லாக்கத்தின் ஒரு சின்னஞ்சிறு விகுதிக்கு இருக்கும் ஆற்றலைக் கண்டு அஞ்சி, அதைப் பங்கீடு செய்தார் பட்ஸ். எதிரியின் கையில் இருக்கக்கூடாது என்று அவர் கருதிய அந்த ஆயுதத்தைத்தான் நம் மாணவர்களின் கையில் முதலில் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

எழுத்துகளை அடுக்கும் திறமையும் மொழியறிவும் ஒன்றல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று வாழ்கிறார். நியூசிலாந்தில் பிறந்து, பல ஆண்டுகளாக மலேசியாவில் வசிக்கும் நைஜல் ரிச்சர்ட்ஸ், ஆங்கில ஸ்கிராபிள் உலகப் போட்டியில் பலமுறை வாகை சூடியவர். 2015இல் அவர் பிரெஞ்சு மொழிக்கான உலகப் போட்டியிலும் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது! சில வாரங்களில் பிரெஞ்சு அகராதியின் சொற்களை மனனம் செய்துகொண்டு போய் வென்றார். 2024இல் ஸ்பானிய மொழிப் போட்டியிலும் அதே கதை. அவருடைய நினைவாற்றலை வியக்காமல் இருக்க முடியாது. எனினும், அவரால் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுத முடியாது. நம் மாணவர்களுக்குத் தேவைப்படுவது அந்தக் கடிதம்.

சரி, சொல்லாக்கத்தை முதலில் கற்றால் என்ன கிடைக்கும்? நான் பள்ளியில் படித்த காலத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு கொடுமையாகவே எண்ணினேன். இரண்டு என்னும் எண்ணை ஆங்கிலத்தில் 'டூ' என்கிறோம். எழுதும்போது 'டி, டபிள்யூ, ஓ'. நடுவில் அந்த 'டபிள்யூ' எதற்கு? யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் அதன் உறவினர்களைப் பார்த்தேன். ட்வைஸ் என்றால் இரண்டு முறை. ட்வின் என்றால் இரட்டையர். ட்வென்டி என்றால் இரண்டு பத்து. எல்லாவற்றிலும் 'டபிள்யூ' வாய்விட்டு ஒலிக்கிறது. 'டூ'வில் மட்டும் ஒலி இழந்து நிற்கிறது. தன் குடும்பத்தை மறக்காத எழுத்து அது.

'சைன்' என்ற சொல்லில் வரும் 'ஜி'யும் அப்படியே. தனியாகப் பார்த்தால் வீண் எழுத்து. சிக்னல், சிக்னேச்சர் என்ற சொற்களின் அருகில் வைத்துப் பார்த்தால், அது ஏன் இருக்கிறது என்று புரிந்துவிடும். உடல்நலத்தைக் குறிக்கும் 'ஹெல்த்' என்ற சொல்லில் 'ஏ' ஏன் வருகிறது என்று குழம்புகிறீர்களா? குணமாக்கு என்று பொருள்படும் 'ஹீல்' என்ற சொல்லை எழுதிப் பாருங்கள். அதே நான்கு எழுத்துகள் முன்னால் இருக்கின்றன. பின்னால் 'டி எச்' ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். இப்படி ஒரு சொல்லைக் கற்றால் நான்கு சொற்கள் உடன் வருகின்றன. 'கேர்' தெரிந்தவனுக்குக் கேர்ஃபுல், கேர்லெஸ், கேர்லெஸ்னஸ் ஆகியவை அதிகச் செலவில்லாமல் கிடைத்துவிடுகின்றன. கலைந்த எழுத்துகளை ஒழுங்குபடுத்துவதால் கிடைப்பதோ ஏற்கெனவே தெரிந்த ஒரு சொல்தான்.

சொல்லாக்கத்திலும் பள்ளங்கள் உண்டு, மறைக்க விரும்பவில்லை. 'ஃபிங்கர்' என்பது 'ஃபிங்' செய்பவரைக் குறிக்காது. சமையல் செய்பவரைக் 'குக்' என்று சொல்ல வேண்டும், 'குக்கர்' என்றால் அவர் பயன்படுத்தும் பாத்திரமாகிவிடும். ஒரு முறை ஓர் உணவகத்தில் என் தோழியின் மகன், "ரொம்ப நல்லா சமைக்கிற குக்கர்!" என்று சமையற்காரரைப் புகழ்ந்துவிட்டான். அவரும் பெருந்தன்மையாகச் சிரித்தார். அந்தத் தவற்றை நான் தவறாகவே கருதவில்லை. அந்தச் சிறுவன் ஒரு விதியைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியிருக்கிறான். விதிவிலக்கைச் சொல்லிக்கொடுப்பது ஒரு நிமிட வேலை.

தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. 'படித்தான்' என்ற சொல்லைப் படி + த் + த் + ஆன் என்று பிரித்து, பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி என்று பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் நீங்கள். 'ஹேப்பி' என்ற சொல் 'ஹேப்பினஸ்' ஆகும்போது கடைசியில் இருந்த 'ஒய்' மாறி 'ஐ' ஆகிறதே, அதைக் கண்டு நீங்கள் திகைக்க வேண்டியதில்லை. சொல் சேரும்போது வடிவம் சற்றுத் திரியும் என்பதை 'விகாரம்' என்ற பெயரில் படித்திருக்கிறீர்கள். மலாய்மொழியிலும் அப்படித்தான். மக்கான் என்றால் உண், மக்கானான் என்றால் உணவு. மினும் என்றால் குடி, மினுமான் என்றால் பானம். மூன்று மொழிகளிலும் சொற்கள் துண்டுகளால் ஆனவை. ஆனால், தமிழ் வகுப்பில் கற்ற கருவியைத் தமிழ்ப் புத்தகத்துக்குள்ளேயே மூடி வைத்துவிட்டு, ஆங்கில வகுப்புக்கு வெறுங்கையுடன் போகிறோம். பகுபத உறுப்பிலக்கணம் தேர்வுக்கு மட்டுமே உரியது என்று நினைப்பவர்கள் அதை ஓர் ஆங்கிலச் சொல்லில் ஒரு முறையேனும் பயன்படுத்திப் பார்க்கட்டும்.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். தமிழில் எழுத்துகளை இடம் மாற்றுவது ஆங்கிலத்தில் மாற்றுவதைவிட எளிது. 'நகரம்' என்ற சொல்லில் இரண்டு எழுத்துகள் இடம் மாறினால் 'நரகம்'. (வாகன நெரிசலில் சிக்கியவர்கள் இரண்டும் ஒன்றே என்பார்கள்.) 'சாவி' திரும்பினால் 'விசா'. உயிர்மெய் எழுத்து தன் உயிரொலியைத் தன்னுடனேயே எடுத்துச் செல்கிறது. 'வி' எங்கே போனாலும் 'வி'தான். ஆங்கிலத்தில் நிலைமை வேறு. 'ஹார்ட்' என்ற சொல்லின் முதலில் இருக்கும் 'எச்'சை எடுத்துக் கடைசியில் வைத்தால் 'எர்த்' ஆகிறது. இதயம் பூமியாகிவிடுகிறது. ஓர் எழுத்து நகர்ந்ததற்கு மொத்தச் சொல்லின் ஒலியும் மாறிவிட்டது. தமிழில் எழுத்துக்கூட்டிப் பழகிய குழந்தை ஆங்கிலப் புதிரின் முன் கூடுதலாகத் தடுமாறுவது அறிவுக்குறைவால் அன்று. இரு மொழிகளின் எழுத்துமுறையும் வேறு வேறு.

நம் முன்னோர்களும் எழுத்துகளோடு விளையாடினார்கள். திருஞானசம்பந்தர், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் மாலைமாற்றுப் பதிகம் பாடியிருக்கிறார். ஒரு சொல்லில் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க நீக்க வெவ்வேறு பொருள் தரும்படி பாடுவதற்கு அக்கரச்சுதகம் என்று பெயர். தண்டியலங்காரம் இவற்றையெல்லாம் எங்கே வைத்திருக்கிறது? பொருளணிகளை விளக்கி முடித்த பிறகு, இறுதி இயலில். மொழியை ஆண்டவர்கள் கடைசியாக ஆடிய ஆட்டத்தை, மொழிக்குள் அப்போதுதான் காலடி வைக்கும் குழந்தைக்கு முதல் பாடமாகக் கொடுக்கலாமா?

"அப்படியானால் புதிர்களே வேண்டாமா? மாணவர்கள் விரும்புகிறார்களே!" என்று என் சக அலுவலர்கள் கேட்கிறார்கள். வேண்டும். 'ஓஷன்' என்ற கடலின் ஐந்து எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'கனூ' என்ற படகு கிடைக்கிறது என்று அறியும்போது ஏற்படும் மகிழ்ச்சியை எந்தக் குழந்தைக்கும் நான் மறுக்க மாட்டேன். நான் கேட்பது வேறு. தொடக்கநிலையில் எழுத்துகளைத் தனித்தனியே சிதறடிக்காமல், சொற்களை அவற்றின் மூட்டுகளில் பிரித்துக் கொடுங்கள். 'சிஎச்' ஓர் அட்டையிலும் 'இஆர்' ஓர் அட்டையிலும் இருக்கட்டும். பொருளைக் குறிக்கும் துப்பு ஒன்றும் இருக்கட்டும். கடிகாரத்தை எடுத்துவிடுங்கள். ஒரு சொல்லைக் கண்டுபிடித்ததும் அதன் உறவினர்கள் இரண்டு பேரை அழைத்து வரச் சொல்லுங்கள். இதற்குப் பக்கத்தில் நான்கு அங்குலம் போதாது, உண்மைதான். பத்துச் சொற்களுக்குப் பதில் மூன்று சொற்கள் கொடுத்தால் இடம் இருக்கும்.

அன்று அந்த மாணவனிடம் நான் செய்ததும் அதுதான். தாளைக் கிழித்து நான்கு துண்டுகளாக்கி, 'டி', 'இஏ', 'சிஎச்', 'இஆர்' என்று எழுதி அவன் முன் வைத்தேன். அரை நிமிடம் ஆகவில்லை. விடையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான், பிறகு மீண்டும் விடையைப் பார்த்தான். துண்டுகளை அவனே இடம் மாற்றிக்கொண்டிருந்தபோது 'சீட்டர்' வந்து நின்றது. அதைப் பக்கத்து மேசை மாணவிக்குக் காட்டினான். பத்துச் சொற்களையும் முடித்திருந்த அவள் அதைக் கண்டிருக்கவில்லை.

மணி அடிக்கச் சிறிது நேரம் இருந்ததால் 'நகரம், நரகம்' கதையைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் புத்தகத்தின் ஓரத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். நான் எழுந்தபோது புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினான். மூன்று எழுத்துகள் இருந்தன: ச, ல், வா.

"வாசல்" என்றேன்.

"அது ஒன்று டீச்சர். இன்னொன்று இருக்கு."

மணி அடித்துவிட்டது. தலைமையாசிரியரிடம் விடைபெற்று, வாகன நிறுத்துமிடத்துக்கு வந்து, காரின் கதவைத் திறந்தபோதுதான் அந்த இன்னொரு சொல் எனக்குப் பிடிபட்டது.